பிரேக் அக்கா மேல் விழுந்த சார்ஜ்

எங்கள் மருத்துவமனையில் எலும்பு வார்டு அட்டெண்டரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். பதினான்கு வருடமாகச் சக்கர நாற்காலியும் ஸ்ட்ரெச்சரும் தள்ளுகிறவள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் "பிரேக் போட்டாச்சா?" என்று தன்னையே சத்தமாகக் கேட்டுக்கொள்வாள். வீட்டுத் தையல் மெஷினுக்கு வாங்கிய எண்ணெயைக் கொண்டுவந்து வார்டு நாற்காலிகளுக்குப் போடுவாள். கேட்டால், "கிரீச்சுன்னா வலி ஜாஸ்தியா தெரியுமாம்டி" என்பாள்.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அதே கட்டடத்தில் கீழ்த்தளச் சலவைப் பிரிவில் இருக்கிறேன். ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்து, ஒரே இடத்தில் வேலையும் பார்த்து, இன்னும் பேச்சுவார்த்தையோடு இருக்கிறோம் என்றால் அந்தப் புண்ணியம் அவளுடையது. என் வாய் அப்படி.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் காது வழியாக வந்தது. சார்ஜ் என்றால் போனுக்குப் போடுவது, டாக்சிக்காரர் கேட்பது. இன்சார்ஜ் என்றால் நம்மை விரட்டுகிறவர். டிஸ்சார்ஜ் என்றால் நோயாளி சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய வீட்டுக்குப் போவது. ஃபைல் அட்டைகளில் தினமும் பார்ப்பதால் இந்த வார்த்தைகள் மட்டும் எந்தக் காகிதத்திலும் சட்டென்று கண்ணில் பட்டுவிடும். வினை அங்கேதான் வந்தது.

ஒரு நாள் லிஃப்ட் ஓடவில்லை. காலில் கட்டுப் போட்ட ஒருவரைச் சரிவுப் பாதை வழியாக எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோகச் சொன்னார் ஒரு டாக்டர். இருந்த ஒரே நாற்காலியில் வலது பிரேக் பிடிக்கவில்லை. அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். அவர் வார்டே கேட்கக் கத்தினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். லிஃப்ட் சரியாகி எக்ஸ்ரே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. "உன் மேல ரிப்போர்ட் எழுதாம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஆபீஸிலிருந்து அவள் பெயருக்கு ஓர் உறை வந்தது. முழுக்க ஆங்கிலம். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க பாரு, டிஸ்சார்ஜ். கீழ பாரு, சார்ஜ். டிவியில போலீஸ் சார்ஜ் ஷீட் போடுறாங்கல்ல, அதேதான்."

"அதெப்படிக்கா, முதல்ல தொரத்திட்டு அப்புறமா குத்தம் சொல்வாங்க?"

"ஆபீஸ்ல எதத்தான் நேரா செஞ்சிருக்காங்க?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இவள் கணவர் மூட்டு தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் குடும்பம் இவள் சம்பளத்தில்தான் நிற்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வார்டை விட்டால் இவள் பட்டுப்போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்றேன். "மானம் போயிடும், வேணாம்" என்றாள்.

அப்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்றாள். "வேலை வேணுமா, ரோஷம் வேணுமா?" என்று கேட்டு மடக்கினேன். டாக்டர் பேச்சைக் கேட்காதது என் தவறு, இனி நடக்காது, மன்னிக்கவும் என்று நானே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். எங்கள் எல்லாருக்கும் மேலே இருக்கிற மேட்ரன் ஞாயிற்றுக்கிழமைவரை விடுப்பு. பூட்டியிருந்த அறையின் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை அவள் ஒன்பதாம் கட்டில்காரரைக் குளிக்க நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். படியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர். சாப்பாட்டுத் தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில்கூடப் பிழை கண்டுபிடித்துச் சண்டைக்கு நிற்பார். போகிற வழியில், யாருக்கோ கேட்கிற மாதிரி, சார்ஜ் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். மனிதருக்கு வலியெல்லாம் மறந்துபோயிற்று.

"எதைன்னு சொல்றது? ஆனா எல்லாம் ஒரே வண்டியில வந்ததும்மா. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி லத்தீன் பேசினவங்க வண்டிக்கு வச்ச பேர்லருந்து, வண்டியில பாரம் ஏத்துறதுன்னு ஒரு சொல் வந்துச்சு. அது பிரெஞ்சுக்குப் போயி, இங்கிலீஷுக்கு வந்து சார்ஜ் ஆச்சு. கார்னு சொல்றோமே, அதுவும் அந்த வண்டிதான். பேட்டரியில கரண்ட ஏத்துனா சார்ஜ். ஒருத்தர் தலையில பழிய ஏத்துனாலும் சார்ஜ், பொறுப்ப ஏத்துனாலும் சார்ஜ்."

"டிஸ்சார்ஜ்?"

"இறக்குறது."

அக்கா நாற்காலியை நிறுத்திவிட்டாள். "அப்போ என் தலையில எத ஏத்தியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்று இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் இரண்டு முறை படித்தார். பதினான்கு வருடம் கடமையைச் சரியாகச் செய்ததற்காக, திங்கள் முதல் வார்டு அட்டெண்டர்கள் அனைவருக்கும் அவளே இன்சார்ஜ் என்று, இன் தனியாகவும் சார்ஜ் தனியாகவும் பிரித்து எழுதியிருந்தது.

"டிஸ்சார்ஜ்னு போட்டிருக்கே சார்?"

"ஏத்திக்கிட்ட கடமைய கொண்டுபோய்ச் சேர்த்து இறக்கிட்டீங்கன்னு அர்த்தம். வீட்டுக்குப் போங்கன்னு இல்ல. ஒரு எடத்துல கமா தப்பு, மத்தபடி நல்ல லெட்டர்தான்."

அவள் சலவை அறைக்கு ஓடிவந்து என்னிடம் சொன்னபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. எனக்கு மேட்ரன் அறைதான் கண்ணில் நின்றது. குற்றத்தை ஒப்புக்கொண்ட காகிதம் கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. தவறு செய்தேன் என்று தானே எழுதிக் கொடுத்தவளை யார் இன்சார்ஜ் ஆக்குவார்கள்? சனியும் ஞாயிறும் வீட்டில் அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை மேட்ரன் அறைக்குள் அவள் போனாள். நான் மடித்த போர்வைகளைச் சுமந்துகொண்டு, வேறு வேலையே இல்லாதவள்போல வாசலில் நின்றேன். மேட்ரன் குரல் கேட்டது.

"உன் பேரைச் சொன்னதே நான்தான். இப்ப தப்பு பண்ணேன்னு நீயே எழுதியிருக்க. அப்படியே இருக்கட்டும்னா இருக்கட்டும், இதை ஃபைலுக்குள்ள வச்சிடறேன். யாரும் கேக்கமாட்டாங்க. இன்சார்ஜ் உனக்குத்தான்."

ஒத்துக்கொண்டு வந்துவிடு தாயே என்று வாசலில் நின்று மனசுக்குள் கெஞ்சினேன். மறுபடியும் அதே கோழைப் புத்தி எனக்கு.

"அது பொய்ம்மா" என்றாள் அக்கா. "பயத்துல எழுதினது. அன்னைக்கு நான் செஞ்சது சரி. நாளைக்குச் சொன்னாலும் அந்த நாற்காலிய அந்தச் சரிவுல எடுக்கமாட்டேன். எனக்குக் கீழ இருக்கிற பசங்களையும் எடுக்கவிடமாட்டேன். அதுக்கு ஆகாதுன்னா இன்சார்ஜ் வேற யாருக்காவது குடுத்திடுங்க."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அலமாரி திறந்து மூடியது. என் கையிலிருந்த போர்வையெல்லாம் கீழே விழுந்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தாள். கையில் வார்டுச் சாவிக்கொத்து இருந்தது.

"குடுத்துட்டாங்களா?"

"ம்."

"அந்த லெட்டர்? கிழிச்சுப் போட்டாங்களா?"

"அவங்க எதுக்குக் கிழிக்கணும்? கேட்டு வாங்கி நான்தான் கிழிச்சேன்" என்று சொல்லி, என்னோடு குனிந்து போர்வைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.