மெழுகுக் கால்

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது என் உடம்பில் ஒரு எலும்பு செத்துப்போனது. வலது இடுப்பில், தொடை எலும்பின் உருண்டைத் தலை. ரத்தம் போகாமல் செத்துவிட்டது, இரண்டு மூன்று வருஷத்தில் தானே மறுபடி வளரும் என்று நாகர்கோவில் டாக்டர் நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். "ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது. நல்லா நீந்தட்டும்."

மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. செத்தது என்பது மட்டும் ஏறியது. செத்தால் புதைப்பார்களே, இதை மட்டும் எப்படி எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைவது? வாய் சும்மா இராமல் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து பெஞ்சில் என் வலது பக்கம் யாரும் உட்காரவில்லை.

தினமும் சாயங்காலம் அம்மா என்னைக் குளத்தில் இறக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். தண்ணீருக்குள் வலி இல்லை, நொண்டலும் இல்லை. ஆனால் இடது கால் உதைத்த பிறகு, ஒரு நொடி தாமதித்து, பின்னால் வருகிற வேறு யாரோ உதைப்பதுபோல வலது கால் உதைக்கும். திரும்பிப் பார்க்க எனக்குப் பயம்.

அம்மா ஞாயிறுபள்ளி டீச்சர். எங்கள் சபையில் சொரூபத்துக்கு, அதாவது புனிதர் சிலைக்கு, முன்னால் நிற்பதே பாவம். பயம் வந்தால் சபையாவது ஒன்றாவது. கடற்கரைக் கத்தோலிக்கர்கள் கை நொந்தால் மெழுகுக் கை, கண் நொந்தால் மெழுகுக் கண் என்று கோயிலில் காணிக்கை வைப்பார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் அம்மா, கோட்டாற்றுக் கோயில் திருவிழாவில் எனக்காக ஒரு மெழுகுக் கால் வைக்கும்படி ரகசியமாகக் கேட்டுக்கொண்டாள். தானே போனால் சபைக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே.

திருவிழா முடிந்த வாரம் என் இடது முட்டி வலித்தது. வலது பக்கமும் முதலில் முட்டியில்தான் வலித்தது, இடுப்பில் அல்ல. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் வராது என்று நினைத்த மண்டு நான்.

இரண்டு நாள் கழித்து மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு என் இடது தொடையைத் தொட்டாள். "இந்தக் காலுதானே டீச்சரே? பெருவிரல் எந்தப் பக்கம்னு பாத்துல்லா வாங்கி வச்சேன்."

அம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, காணிக்கை கேட்ட அன்று அவள் தன் வலது தொடையைத் தட்டிக் காட்டியிருக்கிறாள். எதிரே நின்றவளுக்கு அது இடது பக்கமாகப் பட்டிருக்கிறது. நொண்டுகிறவர் எந்தக் காலில் நொண்டுகிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை.

"அம்மா, எனக்கு அந்தக் காலும் வலிக்கு" என்று அப்போதுதான் வாய் திறந்தேன்.

நோகாத காலுக்கு வைத்ததால் நோவு அதற்கும் வந்துவிட்டது என்று அம்மா நம்பிவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கோட்டாற்றுக்கு பஸ் ஏற்றினாள். யார் பார்த்தால் என்ன என்று நேரே உள்ளே நுழைந்தாள். ஒரு பெட்டியில் மெழுகுக் கால்கள் குவிந்து கிடந்தன, வெக்கையில் இளகி ஒன்றோடொன்று ஒட்டியபடி. எது எனக்கு வைத்தது என்று தெரியவில்லை. எந்த இடது காலைப் பார்த்தாலும் என்னுடையதாகத் தோன்றியது. அம்மா குவியல்மேல் கையை வைத்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். "அது பிள்ளைக்கு இல்ல. எனக்க காலுக்கு வச்சது."

எக்ஸ்ரேயில் இடது இடுப்புக்கு ஒன்றுமில்லை. வலதின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த அலுப்பு, நீச்சலைக் கூட்டுங்கள், படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பத்து நாளில் வலி போனது. செத்த எலும்பும் சொன்னபடியே வளர்ந்தது, கொஞ்சம் சப்பையாக. இன்றுவரை நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை. நீந்துகிறேன்.

போன வருஷம் அம்மா நொண்டத் தொடங்கினாள். இடது இடுப்பு. வயதானால் வருகிற தேய்மானம் என்றார்கள். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் வாசலில் அந்த நடை கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெழுகுக் கால் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது சாயங்காலங்களில் நான் அவளைக் குளத்தில் இறக்குகிறேன். துள்ளாமல் காலை வீசச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று கேட்டேவிட்டேன். "அன்னைக்கு கோயில்ல அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்லா அம்மா?"

அவள் தண்ணீருக்குள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காலுன்னு சொல்லியிருக்கணும் மக்ளே. உனக்க வலதையும் சேத்து. அன்னைக்கி புத்தி எட்டல."