நைட்டிக் கடைக் கேமரா

நேற்று நகராட்சித் தலைவிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் சண்டை நடந்தது என் நைட்டிக் கடை வாசலில்தான். தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்தப் போலீஸ் வந்தது. வண்டிகளுக்கு அனுமதி கொடுத்த தலைவி குறுக்கே வந்து நின்றார்.

இன்று கடையைத் திறந்ததும் தலைவியின் ஆள் வந்தார்.

“அக்கா, இன்ஸ்பெக்டர் எங்க அம்மா மேல கை ஓங்குனது ஒங்க கேமராவுல இருக்கும்லா? அதக் குடுங்க.”

“அண்ணாச்சி, அது பொம்மைக் கேமரா.”

“போலீஸுக்குப் பயப்படுதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை மணி நேரத்தில் ஏட்டையா வந்தார்.

“சேர்மன் அம்மா எங்க ஐயா சட்டையப் பிடிச்சது அதுல இருக்குமே. அவியளுக்குக் குடுத்துட்டீங்களோ?”

“சார், அது பொம்மை. உள்ள ஒண்ணுமே கிடையாது.”

நிமிர்ந்து பார்த்தார். “சிவப்பு லைட்டு எரியுதே.”

அது பேட்டரி லைட். புதியம்புத்தூரிலிருந்து வரும் நைட்டிச் சரக்கில் யாரும் கை வைக்காமலிருக்க மாட்டியது. ஸ்டூலில் ஏறிக் கழற்றிக் கையிலேயே கொடுத்தேன்.

புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல கேமராவ அதுக்குள்ள மாத்திட்டீங்க போல.”

கடை லைசென்ஸ் நகராட்சி கையில். வாசலில் சரக்கு வண்டி நிற்பது போலீஸ் கையில்.

அதனால்தான் எல்லாரும் பார்க்கட்டும் என்று இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். என் கடைக் கேமரா பொம்மை. வாங்கிய நாளிலிருந்தே பொம்மை.

திருடர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களாவது நம்பட்டும்.