கீரைக்கு மேல் இறால்

ஊருக்கெல்லாம் "நேரத்துக்குச் சாப்பிடு, கீரை தின்னு, கை கழுவு" என்று சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான் கிராம நர்ஸ் வேலை. அதில் பாதியைக்கூட நாம் செய்வதில்லை என்பது நமக்குள் இருக்கட்டும். எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில் போஸ்டிங். என்னைப் போலவே மணலில் செருப்புத் தேய நடந்த சக பாவிகளே, கேளுங்கள்.

படகு தின்ற எலுமிச்சை

கடலுக்குப் போகும் தேசப்பனுக்குப் பல் விளக்கினாலே ஈறில் ரத்தம் வரும். ஆறு எலுமிச்சம்பழம் கொடுத்து, தினம் ஒன்று பிழிந்து குடி என்றேன். மறுநாள் கரைக்குப் போனால், ஆறும் மஞ்சள் குங்குமத்தோடு அவன் படகு முனையில் தொங்குகின்றன! எனக்கு வந்ததே கோபம். அவனோ கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்: "நான் துன்னா எனக்கு மட்டுந்தான் நல்லதுமா. படகு துன்னா அதுல போற ஆறு பேருக்கும் நல்லது."

மானமுள்ள சட்டி

அவன் மனைவி கன்னியம்மாவுக்கு ஏழாம் மாசம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லாமல் வெள்ளைவெளேர் என்று இருக்கும். "இப்படியே இருந்தா பிரசவத்தைத் தாங்க மாட்டா" என்று பொன்னேரி டாக்டரம்மா என்னை எச்சரித்திருந்தார். சத்து மாத்திரை கொடுத்தேன். கூடவே என் குவார்ட்டர்ஸ் வாசல் முருங்கையிலிருந்து தினம் கீரை ஒடித்துக் கொடுத்தேன். மாத்திரை உள்ளே போயிற்று, கீரை அடுப்பேறவில்லை. விசாரித்தால், அந்தக் குப்பத்தில் கீரை என்பது கடலில் ஒன்றும் படாத வீட்டுச் சாப்பாடாம். அதை ஆக்கினால், புருஷன் வெறும் வலையோடு வந்தான் என்று தண்டோரா போட்ட மாதிரி.

நான் விடுவேனா? கீரையை வதக்கி மேலே நாலு இறாலைப் பரப்பு என்றேன். இறால் தலையைத் தனியாக வறுத்து வாசனையைத் தெருவுக்கு விடு என்று சொன்னதும் நான்தான். அரசாங்கம் இதற்கெல்லாம் பயிற்சி தரவில்லை, சொந்தப் புத்தி. மறுநாள் கன்னியம்மா சட்டியைத் திறந்து காட்டிக் கண்ணடித்தாள்: "எட்டிப் பாக்கறவளுக்கு எறா, துன்றவளுக்குக் கீரை. எப்பிடிக்கீது நர்சம்மா?"

வாத்தியார் விழுந்த கதை

ஒருநாள் பெண்களை எல்லாம் கூட்டி வைத்து, காலைச் சாப்பாட்டைத் தள்ளவே கூடாது என்று முழங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் இருட்டி, மணலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். விடிந்ததிலிருந்து வயிற்றில் இரண்டு டீதான். ஐயோ, அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல! கன்னியம்மா தண்ணீர் தெளித்து, நான் அவளுக்குச் செய்தபடியே என் இமையை இழுத்துப் பார்த்தாள். மற்றவர்களும் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் கன்னியம்மாவே தீர்ப்புச் சொன்னாள்: "எனக்குச் சொல்ல வந்துட்டியே, உன் கண்ணு என்னுதவுட வெளுத்துக்கீது! நீ இன்னாமா துன்றே?"

வெறும் வலை வாரம்

எட்டாம் மாசத்தில் தேசப்பனுக்கு நேரம் சரியில்லை. ஊரில் எல்லாருக்கும் ஏதோ பட்டது, அவன் வலை மட்டும் ஒரு வாரமாக வெறுமனே வந்தது. மேலே பரப்ப இறால் இல்லை என்றதும் கன்னியம்மா கீரையையும் நிறுத்திவிட்டாள். கொஞ்சம் சிவப்பு ஏறிய இமை மறுபடி வெளுத்துப் போச்சு. எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த தேசப்பனிடம் போய், "உன் மானம் பெருசா, அவ உசுரு பெருசா?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் காலை என் மரத்தில் ஒரு முழுக் கிளையை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கு வழி இருந்தும் நடுத்தெருவிலேயே நடந்தான். "இன்னா தேசா, இன்னிக்கும் ஒண்ணும் படலியா?" என்று ஒருவன் சிரித்தான். தேசப்பன் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "படலதான்யா! என் பொண்டாட்டிக்கு ரத்தம் ஊறணும், கீரை துன்றா. இன்னான்ற இப்போ?"

அடுத்த மாசம் கன்னியம்மாவுக்குச் சுகப்பிரசவமாகிப் பெண் குழந்தை பிறப்பதற்குள் குப்பத்துப் பெண்கள் ஆளாளுக்குக் கீரை ஒடித்து என் முருங்கையை மொட்டையடித்துவிட்டார்கள் என்பதால், வருஷக்கணக்கில் நான் தொண்டை வறளச் சொன்னதைவிட, ஒரு புருஷன் ஒருநாள் வெட்கம் விட்டுத் தெருவில் நடந்ததுதான் பெரிய வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.