இருபத்து மூன்று கிலோ

கனடாவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு லண்டன் பனி என்றால் ஒரே இளக்காரம். இங்கே ஸ்னோ கொட்டிய அன்று அப்பா ஆசையோடு படம் எடுத்து அனுப்புவார். அங்கிருந்து உடனே, கார் ஒன்று கூரை வரைக்கும் புதைந்து கிடக்கும் படம் பதிலுக்கு வரும். பிறகு போன் எடுத்து, பிட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவின மாதிரிக் கிடக்கிறதே, அதற்குப் பெயரா ஸ்னோ என்று கேட்பார்கள். அப்பா சிரித்துச் சமாளிப்பார். போனை வைத்ததும் முகம் தொங்கிவிடும். இல்ஃபோர்டில் வீடு வாங்கி, தவறாமல் கவுன்சில் வரி கட்டுகிற மனிதர் அவர். இந்த ஊர்க் குளிரை யாராவது குறைத்துப் பேசினால் தன்னைக் குறைத்துப் பேசியதாகவே எடுத்துக்கொள்வார்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்த விண்டரில் அப்பாவுக்கு நல்ல காலம் பிறந்தது. லண்டன் முழுவதும் உறைந்துபோனது. வீட்டுப் பின்பக்கத்துக் குழாய் இறுகிப்போனது. காரின் கதவைத் திறக்கச் சுடுநீர் ஊற்ற வேண்டியிருந்தது. அப்பா ஒவ்வொரு காலையும் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, தானே செய்து முடித்த காரியம்போல் திருப்தியாகத் தலையாட்டுவார். அந்த நேரம் பார்த்து, அவரோடு வேலை செய்த மாமா ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் மீன்பிடிக் கழகம் ஒன்றில் அங்கத்தவர். லண்டனின் ஓரத்தில், கழகத்தார் வேலி போட்டு வைத்திருந்த குளத்துக்கு அவரிடம் ஒரு சாவி இருந்தது. குளம் கரைக்குக் கரை இறுகிவிட்டதாம். அப்பா மாமாவுக்குத் தேநீர் கொடுக்கக்கூட மறந்து கனடாவுக்குப் போன் எடுத்தார்.

எடுத்தது சின்னம்மாவுக்கு. அம்மாவின் ஒரே தங்கை. ஒரு கல்யாணத்துக்காக அவர் அந்தக் கிழமை லண்டன் வர இருந்தார். எங்கள் குடும்பத்தில் அவரைப் போல வேறொருவர் இல்லை. தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் தன்னோடு வேலை செய்யும் பெண்களோடு உறைந்த ஏரிக்குப் போய், ஐஸில் துளை போட்டு, துளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மீன் பிடிப்பார். முழங்கை நீள மீனோடு அவர் நிற்கும் படம் எங்கள் ஃப்றிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அப்பாவின் கூட்டாளிகள் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, மீன் கடையில் வாங்கினதோ என்று பகிடி பண்ணுவார்கள். அம்மாவோ, கலியாணம் கட்டுகிற வயதில் இவளுக்கு ஏன் இந்த ஆம்பிளை வேலை என்று பெருமூச்சு விடுவார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் அம்மாவையும் அப்பாவையும் ஓரமாக வைத்துவிட்டுச் சின்னம்மாவைப் பற்றித்தான் பேசுவேன்.

இங்கேயும் ஐஸ் பிடித்துவிட்டது, உம்முடைய மீன்பிடிச் சாமான்களைக் கொண்டு வாரும், லண்டன் ஐஸையும் ஒருக்காப் பாரும் என்று அப்பா சொன்னார். சொன்னதைச் சின்னம்மா அப்படியே நம்பிவிட்டார்.

கனடாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவருடைய பெட்டி அவருடையது அல்ல என்பது எங்கள் ஆட்களிடையே எழுதாத சட்டம். வைட்டமின் குளிசை, சொக்லேட், யாரோ யாருக்கோ கொடுத்துவிடும் சீலை என்று எல்லாம் அதற்குள் வர வேண்டும். சின்னம்மாவின் பெட்டியைத் திறக்கும்போது சொந்தபந்தம் சுற்றிவர நின்றது. உள்ளே இருந்ததோ, ஐஸைத் துளைக்கும் பெரிய துறப்பணம், அதற்குத் தனியாகக் கழற்றிய கைபிடி, இரும்புக் கம்பி, மடக்குக் கதிரை, முழநீளத் தூண்டில் தடிகள், ஈயக் குண்டுகள், துளையில் மிதக்கும் ஐஸை அள்ளி எறிய ஒரு கண்ணகப்பை. வடை பொரித்தெடுக்கிற அதே கண்ணகப்பைதான். அதைப் பார்த்ததும் பெரியம்மா ஒருத்தி எழும்பி வீட்டுக்கே போய்விட்டார். கல்யாணச் சீலையைச் சின்னம்மா கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இவ்வளவு இரும்பை எப்படி விமானத்தில் விட்டார்கள் என்று அப்பாவுக்கு ஆச்சரியம். பெட்டி நிறுப்பதில் எங்கள் தெருவில் அப்பாவை வெல்ல ஆளில்லை. ஊருக்குப் போகிற எல்லாரும் எங்கள் வீட்டுத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் விமான நிலையம் போவார்கள். அப்பா எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டி, பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தார். பிசகாமல், விமானத்தில் விடுகிற அதே இருபத்து மூன்று கிலோ. பெட்டி இறங்கியதும், கேட்பாரில்லாமல் நானும் ஏறி நின்றேன். முள் அதே இடத்தில் போய் நின்றது. பெட்டியும் பிள்ளையும் ஒரே நிறை என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. அன்று முழுவதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே திரிந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது சின்னம்மா ஐஸைப் பற்றிச் சொன்னார். ஐஸ் ஆளை மட்டும் நிறுப்பதில்லை, கையில் இருக்கிற சாமானையும் சேர்த்துத்தான் நிறுக்குமாம். அதனால் தன்னிடமுள்ள ஒவ்வொரு சாமானின் நிறையும் தனக்கு மனப்பாடம் என்றார். பெருவிரலையும் சேர்த்து ஐந்து விரல்களையும் நெருக்கி மேசையில் வைத்துக் காட்டினார். இந்த அகலத்துக்காவது ஐஸ் தடிக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒருவரும் கால் வைப்பதில்லை. அதுவும் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸாக இருக்க வேண்டும். பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தால் அதை நம்பவே கூடாது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொண்டார். அவருக்கு ஐஸை ஃப்றீசருக்குள் மட்டும்தான் தெரியும்.

அடுத்த நாள் அம்மா கல்யாண வீட்டுக்குப் பலகாரம் சுடப் போய்விட, நாங்கள் குளத்துக்குப் போனோம். அப்பா, சாவிக்கார மாமா, அப்பாவின் இன்னும் இரண்டு கூட்டாளிகள், சின்னம்மா, நான். சின்னம்மாவின் பெட்டியும் ஒரு தட்டு மட்டன் ரோல்ஸும் பிளாஸ்கில் தேநீரும் கூடவே வந்தன. வாசலில், ஐஸில் இறங்க வேண்டாம் என்று ஒரு பலகை தொங்கியது. இந்த நாட்டில் எதற்குத்தான் பலகை இல்லை என்று அப்பா அதைத் தாண்டி நடந்தார்.

குளம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அப்பா இரண்டு கையையும் விரித்து அதைச் சின்னம்மாவுக்குக் காட்டினார். சின்னம்மா கரையில் முழங்காலிட்டு, எட்டிய தூரத்தில் துறப்பணத்தை ஊன்றிச் சுற்றினார். நான் கண்ணகப்பையோடு பக்கத்தில் தயாராக நின்றேன். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் தண்ணீர் பொங்கி வந்துவிட்டது. அவர் கையுறையைக் கழற்றி, விரலைத் துளைக்குள் விட்டு அளந்தார். ஒன்றரை விரல் தடிப்பு. அதுவும் வெள்ளை ஐஸ். கரையிலேயே இப்படி என்றால் நடுவில், வாத்துகள் நேற்று வரைக்கும் நீந்திய இடத்தில், இன்னும் மெல்லிதாக இருக்கும், இன்றைக்கு இது சரிவராது என்றார்.

கூட்டாளிகளில் ஒருவர், அப்போ அந்த மீன் கடை மீன்தான் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு மீன் முக்கியமில்லை. லண்டன் ஐஸில் ஒரு ஆள் நிற்கிற படம் ஒன்று கனடாவுக்குப் போக வேண்டும். அவருடைய கண் என்மேல் விழுந்தது. பெரியவர்களைத் தாங்காவிட்டாலும் பிள்ளையைத் தாங்கும், நடுவில் போய்த் தூண்டிலோடு ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரட்டும் என்றார். கூட்டாளிகள் ஆமோதித்தார்கள். இவளுக்கு என்ன நிறை, கோழிக்குஞ்சு மாதிரி என்றார் சாவிக்கார மாமா. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. படத்தில் நிற்கப்போவது நான்.

“வேண்டாம் அத்தான்” என்றார் சின்னம்மா.

“நீர் சும்மா பயப்பிடுறீர். இது எங்கட ஐஸ்” என்றார் அப்பா.

மச்சாள் ஒருத்தி, கூட்டாளிகளுக்கு முன்னால், அத்தானோடு நின்று வாதாடுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அப்படியே வாதாடினாலும் அப்பா இன்னும் விறைத்துக்கொண்டிருப்பார். சின்னம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு குரலை மாற்றி, சரி, படம் என்றால் வடிவாக இருக்க வேண்டும், முதலில் சாமான்களை நடுவில் வைப்போம், பிள்ளை போய்ப் பெட்டியில் இருந்துகொண்டு தூண்டில் போடட்டும் என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

சின்னம்மா ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். ஈரத் துறப்பணத்தைத் துடைத்து வைத்தார். கதிரை, கம்பி, ஈயக் குண்டுகள். தூண்டிலையாவது வெளியே வைக்கலாமே என்று மாமா கேட்டதற்கு, பிள்ளை அங்கே போய் எடுப்பாள் என்றார். கடைசியில் என்னிடம் கையை நீட்டினார். கண்ணகப்பை இன்னும் என் கையில் இருந்தது.

“அதையும் தா குஞ்சு. நிறை குறையக் கூடாது.”

கொடுத்தேன். பெட்டியைப் பூட்டி, அதன் கைபிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, காலால் ஒரே தள்ளுத் தள்ளினார். பெட்டி சறுக்கிக்கொண்டு போய், அப்பா எங்கே நான் நிற்க வேண்டும் என்று கை காட்டினாரோ அதே இடத்தில் நின்றது. கூட்டாளிகள் கைதட்டினார்கள். பாத்தீரோ, நிக்குது என்றார் அப்பா. நான் ஒரு காலை ஐஸில் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து சின்னம்மா என் ஜக்கெற்றின் தொப்பியை இறுக்கிப் பிடித்தார். கழுத்து நெரிபட்டது.

“பொறுங்கோ அத்தான். கொஞ்சம் நிக்கட்டும்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தகரக் கூரையில் பூனை நடக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெட்டியைச் சுற்றி ஐஸ் கறுத்து ஈரமாகியது. பெட்டி ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்தது, பிறகு காணாமல் போய்விட்டது. அவ்வளவுதான். பெட்டி இருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. சின்னம்மா கயிற்றை இழுத்தார். பெட்டி ஐஸின் அடியில் எங்கோ கொளுவிக்கொண்டது. பலமாக இழுத்தபோது கைபிடி மட்டும் கழன்று, ஐஸில் தத்தித் தத்திக் கரைக்கு வந்தது.

முதலில் சிரித்தது சாவிக்கார மாமா. கனடாக்காரிக்கே ஐஸ் தெரியவில்லையே, கப்பலே தண்ணியில தாண்டுபோச்சே என்று மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னம்மா கைபிடியைக் கையில் வைத்துக்கொண்டு, அசடு வழிகிற மாதிரி நின்றார்.

“என்ர பிழைதான் அத்தான். கனம் கூடிப்போச்சு.”

அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. அவர் வந்து, வளர்ந்த பிள்ளையென்றும் பாராமல் என்னைத் தூக்கிக்கொண்டு, ரோல்ஸையும் பிளாஸ்கையும் விட்டுவிட்டுக் காருக்கு நடந்தார். கார்ச் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் பின் சீற்றில் ஏறி, இல்ஃபோர்டு வரைக்கும் என்னைப் பிடித்தபடியே வந்தார். விலா வலித்தது. விடுங்கோ அப்பா என்று சொல்லியும் விடவில்லை.

கல்யாண வீட்டில் அந்தக் கதைதான் பேச்சு. பெட்டியைக் குளத்தில் தாட்ட கனடாக்காரி என்று எல்லாரும் சின்னம்மாவைக் கேலி பண்ணினார்கள். அவரும் மறுக்காமல் கூடச் சேர்ந்து சிரித்து, தானே நடித்தும் காட்டினார். எத்தனையோ விண்டராகச் சேர்த்த சாமான் அவ்வளவும் போய்விட்டதை நினைத்து அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் காணவில்லை. அப்பா மட்டும் அந்தக் கதை தொடங்கினாலே எழும்பி வெளியே போய்விடுவார். சின்னம்மா திரும்பிப் போகும் நாளில் அவருக்குப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்து வைத்தார். அதை நிறுக்கவில்லை. எங்கள் வீட்டுத் தராசில் அப்பா நிறுக்காமல் அனுப்பிய ஒரே பெட்டி அதுதான்.

அதன் பிறகு கனடாவிலிருந்து யார் லண்டன் பனியைப் பழித்தாலும், ஓம், எங்கட ஸ்னோ ஒரு ஸ்னோவே இல்லை என்று அப்பா உடனே ஒத்துக்கொள்வார். அவர் இப்படித் தோற்றுப்போனாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இப்போது நினைத்தால் சின்னம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஒரு சொல்லும் கூட்டிப் பேசாமல், அப்பாவின் மரியாதையில் ஒரு கீறல் விழாமல், சிரிப்பை எல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டு அந்தக் காரியத்தை அவர் செய்தார். நான் தராசில் ஏறி நின்றதைப் பார்த்திருந்த அப்பாவுக்கு, பெட்டி சாய்ந்த அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்தது நான் ஒருத்திதான். காரில் அப்பாவின் பிடிக்குள் இருந்தபடி, அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு அடியில் தனியாகக் கிடக்கிறதே, அதற்குக் குளிருமே என்று, வீடு வரும்வரை நான் பெட்டிக்காக அழுதுகொண்டிருந்தேன்.