அழுகையைத் தள்ளி வைத்த வீடு

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே, பக்கத்து வீட்டில் முட்டை தடவிச் சுட்ட ரொட்டியின் வாசனை மூக்கில் ஏறும். எண்பதுகளில் நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த அந்தத் தெருவில் ரூத் ஆன்ட்டியும் அவர் கணவர் சால் அங்கிளும் மட்டும்தான் யூதர்கள். வெள்ளியன்று சூரியன் மறைவதற்குள் வீட்டைத் துடைத்து, சமைத்து, சட்டைகளை இஸ்திரி போட்டு முடிப்பார்கள். பிறகு சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பு பற்றவைப்பதில்லை, சுவிட்சைத் தொடுவதில்லை, போனை எடுப்பதில்லை. அதற்கு "ஷாபஸ்" என்று பெயர். "ரெஸ்ட் எடுக்கறதுக்கு இவ்ளோ வேலையா!" என்று அம்மா சிரிப்பாள். அந்த வேலையும் பிரார்த்தனைதான் என்பார் ரூத் ஆன்ட்டி.

நான் நான்காவது படித்த குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்குப் போன சால் அங்கிள் மயங்கி விழுந்து, மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஷாபஸில் அடக்கம் கிடையாது என்பதால் உடலுக்குத் துணையாக அவர்கள் கோயில்காரர்கள் வேறிடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்த மகளும் ஷாபஸ் முடியும்வரை விமானம் ஏற முடியாது. செய்தி கேட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கதவைத் திறந்த ரூத் ஆன்ட்டி ஏப்ரன் கட்டியிருந்தார். மேசையில் வெள்ளை விரிப்பு, இரண்டு ரொட்டிகள், மெழுகுவர்த்திகள். நாற்காலி முதுகில் அங்கிளுக்காகக் காலையில் இஸ்திரி போட்ட சட்டை, தோள்கள் விறைப்பாக, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் தொங்கியது.

"க்ரை, ரூத். ப்ளீஸ் க்ரை," என்றாள் அம்மா.

"இன்றைக்கு இல்லை," என்றார் அவர், ஆங்கிலத்தில், ரொம்ப மெதுவாக. "ஷாபஸுக்குள் துக்கம் வரக்கூடாது. நாளை இருட்டட்டும்."

மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கைகளால் கண்களை மூடிக்கொண்டார். இப்போது அழுவார் என்று காத்திருந்தோம். கைகள் இறங்கியபோது கண்கள் காய்ந்திருந்தன.

அப்போது மாடியில் "க்ளிக்" என்றது. சால் அங்கிளின் அறையில் விளக்கு எரிந்து, படிக்கட்டு வழியே மஞ்சள் வெளிச்சம் இறங்கியது. நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

"அம்மா, ஹி இஸ் அப்ஸ்டேர்ஸ்!"

"டைமர்," என்றார் ரூத் ஆன்ட்டி. "சுவிட்சைத் தொடாமல் தானே எரிய, காலையில் அவர்தான் திருப்பி வைத்துவிட்டுப் போனார்." அணைக்க அவருக்கு அனுமதியில்லை. போன் அடித்தது, வெகுநேரம் அடித்து ஓய்ந்தது. எடுக்கப்போன அம்மா கையை இழுத்துக்கொண்டாள். இறந்தவர் போட்டுவைத்த வெளிச்சத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் முழுதும் அந்த வீட்டில் சத்தமே இல்லை. "அந்தம்மா சாப்டாங்களான்னு பாத்துட்டு வாயேன்," என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா இரண்டு முறை போய்வந்தாள். சாயங்காலம் பனிக்கு மேல் முதல் நட்சத்திரங்கள் தெரிந்தன. மூடிய ஜன்னல்களைத் தாண்டி ஒரு குரல் எழுந்தது. மனிதக் குரல் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பா டிவியை அணைத்தார். அம்மா செருப்புக்கூடப் போடாமல் பனியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் ரூத் ஆன்ட்டி மகளிடம் போய்விட்டார். அந்த வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். தெருவில் இப்போது வெள்ளிக்கிழமை எது என்றே தெரிவதில்லை. போன வருடம் அம்மா இறந்த அன்று, ஊருக்கெல்லாம் போன், வருகிறவர்களுக்கு ஏர்போர்ட் பிக்கப், சாப்பாட்டுக்கு ஆர்டர் என்று நாள் ஓடியது. அழுவதற்கு ஒரு நேரம் வருமென்று நானும் காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கிறேன்.