கிரில்லில் கட்டிய கருப்புக் கயிறு

இன்று காலை காரில் ஹார்ன் அடிக்கவில்லை. ஹார்ன் இல்லாத காரை நம் ஊரில் ஓட்டுவதற்குப் பதில் நடந்தே போகலாம். மந்தைவெளியில் முதலில் கண்ணில் பட்ட மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"முன்னாடி கிரில்லைக் கழட்டினாதான் சார் ஹார்னாண்ட கை போவும்," என்றார்.

கிளிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டார். கிரில் வரவில்லை. யாரோ திருஷ்டிக்குக் கட்டிய கருப்புக் கயிறு அதை பம்பரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது.

"அறுத்துடுங்க," என்றேன்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் அறுக்கக் கூடாது சார். கட்டினவங்க கையாலதான் அவுக்கணும். யாரு கட்னது?"

எனக்கு எப்படித் தெரியும்? கார் செகண்ட் ஹேண்ட். விற்றவர் பாலவாக்கத்தில் இருக்கிறார். அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நான் கட்டலை சார். மந்தைவெளியில ஒரு மெக்கானிக் கட்டிவிட்டார். எப்பவும் காதுல பென்சில் சொருகியிருப்பார்."

மெக்கானிக் தன் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தினம் எத்தினி வண்டிக்குக் கட்றேன். எல்லாம் ஞாபகமா கீது?"

பத்து நிமிடம் முடிச்சோடு மல்லுக்கட்டினார். அவிழவில்லை. பிளேடை எடுத்து அறுத்தார். நான் பார்த்த பார்வைக்கு, "கட்டினவன் நானு. நான் அறுக்கலாம்," என்றார்.

ஹார்ன் சரியாகிவிட்டது. கிரில்லை மாட்டிய கையோடு புதுக் கயிற்றை எடுத்தார். அதை வாங்கி நானே கட்டிவிட்டேன்.

உங்கள் வண்டியில் கயிறு கட்டியது யார்? ஹார்ன் அடிக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.