இரண்டு இடத்தில் அசையாமல் கிடந்த அக்கா

போன பௌர்ணமியன்று மத்தியானம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: ‘அக்கா, அக்னி லிங்கம் அருகே. இருபது நிமிடமாக அசைவில்லை.’

அனுப்பியது யார்? நானே எழுதிய ஆப்!

கிரிவலம் போகிறவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டாருக்குக் காட்டுகிற ஆப் அது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே ஒரு டைமர் விழித்து, ஆள் நகர்ந்தாரா என்று பார்க்கும். இல்லையென்றால் எச்சரிக்கும். என் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு மாதம் முன்பு சமையலறையில் மயங்கி விழுந்தவள். ஆனாலும் தனியாகத்தான் சுற்றுவேன் என்று பிடிவாதம். அவளுக்காகத்தான் இந்த ஆப்பையே எழுதினேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும்... எடுக்கவில்லை.

எங்கள் வீடு இருக்கும் வேங்கிக்காலில் ஆட்டோ பிடித்தேன். பாதியிலேயே போலீஸ் தடுப்பு. “பௌர்ணமி சார், இதுக்கு மேல வுட மாட்டாங்க” என்றார் ஆட்டோக்காரர். இறங்கி ஓடினேன்.

மலையைச் சுற்றும் பாதையில் எட்டு லிங்கங்கள்; அவற்றில் ஒன்றான அக்னி லிங்கத்தில் அக்கா இல்லை. பூ விற்கும் அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன்.

“இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திங்க. யாருன்னு பாக்கறது?”

‘யாராவது மயங்கி விழுந்தார்களா?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது.

அப்போது அடுத்தடுத்து இரண்டு செய்திகள். ‘அக்னி லிங்கம் அருகே அசைவில்லை.’ ‘எம லிங்கம் அருகே அசைவில்லை.’

ஒரே அக்கா, இரண்டு இடத்திலா?

தப்பு என் ஆப்பில்தான் என்று புரிந்துவிட்டது. பயம் போனதா? ஜாஸ்திதான் ஆனது. இரண்டில் ஒன்று நிஜமாக இருந்தால்...? அதுவும் எம லிங்கம்! அந்தப் பெயரை நினைக்கக்கூட மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அங்கேதான் ஓடினேன்.

எம லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கொய்யாப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா.

“இன்னாடா இப்படி மூச்சு வாங்குது? உக்காரு.”

“போன் எடுக்க மாட்டியாக்கா?”

“சைலன்ட்ல கீதுடா. சாமி கும்புடறப்ப எதுக்கு போனு? ஒவ்வொரு லிங்கத்துக்கும் முன்னாடி உன் ஆப்பை மூடிடுவேன். கும்பிட்டு வந்து தொறப்பேன்.”

அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டேன். புரோகிராமில் ஒவ்வொரு திரையும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தன் தகவலைத் தானே வைத்திருக்கும் ஒரு தனித் துண்டு. மூடினால் அதன் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் நிறுத்தாத டைமர் அதைச் சாகவிடவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பழைய திரையையே கூப்பிட்டு விசாரித்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அக்கா கடைசியாக நின்ற இடம்தான். திறக்கும்போதெல்லாம் ஒரு புதுத் திரை, அதற்கொரு புது டைமர்; லிங்கத்துக்கு லிங்கம் மூடித் திறந்ததில் டைமர்கள் பெருகிவிட்டன. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சோதித்தவன் நான். ஒருமுறைகூட மூடித் திறந்து பார்க்கவில்லை!

திரையை மூடும்போதே டைமரை நிறுத்தினால் போதுமா? அவள் மூடிவிட்டு மயங்கினால்? அப்புறம் யார் பார்ப்பது? அதனால் டைமரைத் திரையிலிருந்து பிரித்து, முழு ஆப்புக்கும் ஒன்றே ஒன்று என்று வைத்தேன். திரை மூடினாலும் அது அக்காவின் இப்போதைய இடத்தைத்தான் பார்க்கும். நாற்பது தடவை மூடித் திறந்து சோதித்தேன். பிழையே இல்லை.

இந்தப் பௌர்ணமிக்கு ஒரு தவறான எச்சரிக்கைகூட வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்... அக்காவுக்குப் பத்தடி பின்னால் நானும் நடந்துகொண்டிருந்தேன்.